பேசாத ஐந்து கட்டைகள்

தோட்டம் விற்கப்பட்டு, ரப்பர் பால் தரும் கித்தா மரங்கள் சாய்க்கப்பட்டு, லயங்கள் இருந்த இடத்தில் வரிசை வீடுகள் எழும்பியபோது, கோயிலை விட்டுத் தூரப் போக மனமில்லாமல் அந்தத் தாமான் குடியிருப்பிலேயே வீடு வாங்கியவர்களின் பிள்ளைகள் நாம். சிம்பாங் பூலாய் சந்திப்பிலிருந்து பார்த்தால் வெள்ளையாக வெட்டுப்பட்ட சுண்ணாம்புக் குன்று தெரியும். அதற்கு இந்தப் பக்கம் நம் கோயில். இப்போது நாம் கூடுவது கல்யாணத்திலோ சாவு வீட்டிலோதான். கூடினால் கோயில் கீபோர்டின் பேச்சு வராமல் இருக்காது. பிள்ளையார் பாட்டுக்கு ரும்பா தாளம் ஓடிய கதையை உங்களில் யாராவது ஆரம்பிப்பீர்கள். எல்லோரும் சிரிப்போம். சிரித்து முடிந்ததும் பேச்சு சர்க்கரை அளவுக்கும் முழங்கால் வலிக்கும் போய்விடும்.

அதற்கு மேலும் கொஞ்சம் இருக்கிறது. உங்களுக்குப் பாதி தெரியும். மற்றப் பாதி என் வீட்டுக் கூடத்தில் நடந்தது. எதையும் நடந்த வரிசையில் சொன்னால்தான் எனக்கு மனம் அடங்கும், அப்படியே சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம். நான் பத்து வயதுப் பெண்பிள்ளை. கோயில் இளைஞர் குழு கலைநிகழ்ச்சி நடத்திச் சேர்த்த காசில், கோயில் தலைவராக இருந்த என் அப்பாவும் பொருளாளர் அண்ணனும் ஈப்போவுக்குப் போய் அந்தக் கீபோர்டை வாங்கி வந்தார்கள். பெட்டியைத் திறந்ததும் வெள்ளை நுரைத்துண்டுகள் உதிர்ந்து கையெல்லாம் ஒட்டிக்கொண்டன. புதுச் சப்பாத்துப் பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த மாதிரி ஒரு வாசனை. ஹார்மோனியத்துக்குச் சொல்வதுபோலவே இதற்கும் கட்டை என்றுதான் சொன்னோம். வெள்ளைக் கட்டை, கறுப்புக் கட்டை. அவற்றுக்கு மேலே வரிசையாகப் பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் புல்லாங்குழல், ஒன்றை அழுத்தினால் வயலின், இன்னொன்றை அழுத்தினால் தானாகவே தாளம்.

முதல் வெள்ளிக்கிழமை தீபாராதனை நேரத்தில் ஏதோ ஒரு பிள்ளை கடைசிப் பொத்தானை அழுத்திவிட, வெள்ளைக்காரன் பாட்டு ஒன்று தானாக ஓட ஆரம்பித்தது. நிறுத்தத் தெரியவில்லை. பண்டாரம் கற்பூரத் தட்டை உயர்த்தியபடியே நின்றுவிட்டார். பொருளாளர் அண்ணன் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். பேட்டரி போட்டிருந்ததால் பாட்டு நிற்கவில்லை. பிறகு அவர் அப்பாவின் காதருகே குனிந்து, உள்ளே ஆள் யாரும் இருக்கிறானா தலைவரே என்று கேட்டார். அவர் விளையாட்டுக்குக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதை ஒழுங்காக வாசிக்கத் தெரிந்தது ஒருவருக்குத்தான். கிராணி வீட்டு அக்கா. தோட்டம் இருந்த காலத்தில் அவருடைய அப்பா ஆபீஸ் கிராணி, கணக்கு எழுதுகிறவர். தோட்டம் போனபோது வேலையும் குவாட்டர்ஸும் போயின. அடுத்த வருஷமே அவரும் இறந்துபோனார். அக்காவும் அவருடைய அம்மாவும் தாமானுக்குப் பின்னால் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். அம்மா துணி தைத்தார். அவர்கள் வேதக்காரர்கள். சின்ன மாதா கோயிலில் இருந்த கால் ஹார்மோனியத்தில் வாசித்துப் பழகியவர் அக்கா. பள்ளியில் பாரம் ஐந்து முடித்துவிட்டு வீட்டில் இருந்தார்.

வெள்ளிக்கிழமைகளில் நம் தேவார வகுப்புக்கு வாசிக்க வருவார். செருப்பை வாசலுக்கு வெளியே ஒன்றோடொன்று சேர்த்து வைத்துவிட்டு, மண்டபத்தில் பாயில் உட்கார்வார். நாம் எந்தச் சுருதியில் கத்தினாலும் இரண்டு நொடியில் அதைப் பிடித்துவிடுவார். வகுப்பு முடிந்த பிறகு எனக்கு ஒரு பாட்டு சொல்லிக்கொடுத்தார். நான் ஒவ்வொரு கட்டையையும் ஓங்கிக் குத்துவேன். "மெதுவா வையி. அது என்ன கதவா, தட்டுறே?" என்பார்.

ஈப்போவில் கல்யாணங்களுக்கு வாசிக்கும் ஓர் இசைக்குழு இருந்தது. அதை நடத்தியவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள், அப்பாவுக்குப் பழக்கம். அவருடைய கீபோர்ட்காரர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். எங்கள் கோயிலில் ஒரு பிள்ளை நன்றாக வாசிக்கிறது, வந்து கேட்டுப் பாருங்கள் என்று அவரிடம் சொன்னவர் அப்பாதான். இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நவராத்திரி முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாக மாஸ்டர் ஒப்புக்கொண்டார். அந்த இடம் கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் அக்கா கமுந்திங்கில் ஒரு துணித் தொழிற்சாலைக்குப் போக வேண்டும். ஹாஸ்டலில் இடம்கூடச் சொல்லி வைத்தாகிவிட்டது. எங்கள் வீட்டுக்கு ரவிக்கை தைக்கத் துணி வாங்க வந்த அன்று அக்கா என் அம்மாவிடம், "எனக்கு இது மட்டும் கிடைச்சா போதும் ஆன்ட்டி. அம்மாவ தனியா விட்டுட்டுப் போக வேணாம்" என்றது எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது.

ஆயுத பூஜை வந்தது. அப்பாவுக்கு மார்பிள் தொழிற்சாலை ஒன்றில் மின்சாரப் பொறுப்பு, சார்ஜ்மேன் என்பார்கள். ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டவனை மூன்று தலைமுறைக்கும் சேர்த்து ஏசுகிறவர். ஆனால் பூஜை என்று வந்துவிட்டால் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். மண்டபத்தில் வெள்ளை வேட்டி விரித்து, உளி, சுத்தியல், பால்வெட்டுக் கத்தி, நம் பள்ளிப் புத்தகங்கள், மிருதங்கம், ஜால்ரா எல்லாவற்றையும் அடுக்கினார். நடுவில் கீபோர்ட். மற்றவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு. கீபோர்ட் சரஸ்வதியின் பொருள். அதற்கு ஒரு பொட்டு போதாது என்று அப்பா நினைத்தார். பன்னீரில் குழைத்த சந்தனத்தை ஒவ்வொரு வெள்ளைக் கட்டையின் மேலும் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்துக்கொண்டே போனார். சந்தனம் நீர்த்திருந்தது. நடுக் கட்டைகளில் வைத்தது வழிந்து இடுக்கில் இறங்கியது. பிறகு கும்பத்துத் தண்ணீரை மாவிலையால் அள்ளி மூன்று தரம் தெளித்தார். அதுவும் நடுவில்தான் அதிகம் விழுந்தது. வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு நின்ற பெண்பிள்ளைகள் மாதிரி அந்தக் கட்டைகள் அழகாக இருந்தன. நாம் எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தோம்.

அக்கா அன்று மண்டபத்தின் ஓரத்தில் தூணருகே நின்றிருந்தார். திருநீற்றுத் தட்டு வந்தபோது கையைக் கூப்பிவிட்டு விலகிக்கொண்டார். வழக்கமாக அப்படித்தான் செய்வார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

மறுநாள் விஜயதசமி. காலையில் அப்பா ஈரத்துணியால் கட்டைகளைத் துடைத்து வைத்தார். பிள்ளைகள் முதல் பாட்டு பாட வேண்டும், அக்கா வாசிக்க வேண்டும். அக்கா கை வைத்தார். பாட்டின் இரண்டாவது அடியில் இசை பள்ளத்தில் விழுந்ததுபோல் நின்றது. அக்கா நிறுத்திவிட்டு, இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்தார். நடுவில் வரிசையாக ஐந்து பேசவில்லை. மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு. மற்றவையெல்லாம் பேசின.

சபை சலசலத்தது. பொருளாளர் அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். நேற்று பூஜை வரைக்கும் நன்றாகத்தானே இருந்தது, இன்றைக்கு முதலில் கை வைத்தது யார் என்றார். பின்னாலிருந்து ஒரு பெண் குரல், திருநீறு வாங்காத கை லா என்றது. அது யார் என்று எனக்குத் தெரியும். அவர் பிள்ளையும் இதைப் படிக்கலாம் என்பதால் விட்டுவிடுகிறேன்.

அக்கா அப்பாவைப் பார்த்துதான் பேசினார். "உள்ள தண்ணி போயிருக்கும் அங்கிள். தொறந்து காய வெச்சா சரியாயிடும்."

அந்த இடத்தில் அது சொல்லக்கூடாத வார்த்தை. கும்பத்துத் தண்ணீரால் கெட்டுப்போனது என்று ஒரு வேதக்காரப் பெண் கோயிலுக்குள் நின்று சொல்கிறாள் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். தெளித்தவர் அப்பா. அவர் முகம் கறுத்ததைப் பார்த்தேன். கத்தவில்லை. கொஞ்ச நாளைக்கு நீ வர வேண்டாம்மா என்று மட்டும் சொன்னார். அக்கா எழுந்து, பாயைச் சுருட்டி ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் முழுவதும் வெள்ளிக்கிழமை வகுப்பும் இல்லை, பாட்டும் இல்லை. கீபோர்ட் எங்கள் வீட்டுக்கு வந்து மேசையின் மேல் கிடந்தது. மாஸ்டர் வர வேண்டிய ஞாயிறு நெருங்கியது. வர வேண்டாம் என்று அவரிடம் சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். சனிக்கிழமை மத்தியானம், மழை பிடித்துக்கொண்டிருந்தபோது, அப்பா திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் எதிரில் உட்கார்ந்தேன்.

உடனே திறந்துவிடவில்லை. முதலில் சுவர் மின்சாரத்தில் போட்டுப் பார்த்தார், பிறகு பேட்டரியில். புல்லாங்குழலை மாற்றி வயலின் வைத்தார். எல்லாக் கட்டைகளையும் அழுத்திக்கொண்டு வந்தார். எந்தக் குரலை வைத்தாலும் அதே ஐந்துதான் ஊமை. ஒன்றை மட்டும் பலமாக அழுத்தியபோது எங்கிருந்தோ முனகியது. "ஸ்பீக்கர்ல இல்ல. காண்டாக்ட்ல இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். போர்வையை விரித்துக் கவிழ்த்துப் போட்டார். கழற்றிய திருகாணிகளை, எங்கே இருந்ததோ அந்த இடத்தைப் பார்த்துச் செய்தித்தாளில் அப்படியே பரப்பி வைத்தார். இந்த ஒழுங்கு எனக்கு அவரிடமிருந்து வந்ததுதான்.

கட்டைகளுக்கு அடியில் நீளமாக ஒரு ரப்பர் பட்டை இருந்தது. ஒவ்வொரு கட்டைக்கும் நேராக அதில் ஒரு சின்னக் குமிழ். குமிழுக்குள் கறுப்புப் பொட்டு. கட்டையை அழுத்தினால் குமிழ் அமுங்கி, அந்தக் கறுப்புப் பொட்டு கீழே உள்ள பச்சைத் தகட்டைத் தொடும், தொட்டால் சத்தம். அவ்வளவுதான் ரகசியம். அப்பா பட்டையை உரித்துத் தூக்கினார். அந்த ஐந்து இடத்தில் மட்டும் மஞ்சளாக ஒரு பொருக்கு, வற்றிய குளத்துச் சேறு மாதிரி வெடித்துக் கிடந்தது. ஓரத்தில் குங்குமச் சிவப்பு. மூடியிருந்த பெட்டிக்குள்ளிருந்து சந்தன வாசனை எழுந்து கூடம் முழுவதும் பரவியது.

"சந்தனம்பா" என்றேன்.

"தெரியுது" என்றார்.

பட்டையைப் போர்வையின் மேல் மல்லாக்க வைத்தார். பிறகு முதலுதவிப் பெட்டியிலிருந்து ஸ்பிரிட் எடுத்துவந்து, பஞ்சில் தொட்டு, தகட்டையும் கறுப்புப் பொட்டுகளையும் துடைத்தார். பஞ்சு மஞ்சளாக மஞ்சளாக மாற்றினார். காயவிட்டார். மறுபடி மூட்டினார். அழுத்தினார். ஐந்தும் பேசின. எந்த வேலை செய்தாலும் குப்பையை அம்மாவுக்கு விட்டுவிட்டு எழுந்து போகிறவர், அன்று மஞ்சள் பஞ்சுகளைத் தாளில் பொட்டலமாகக் கட்டி, குடை பிடித்துக்கொண்டு போய்த் தெருக்கோடிக் குப்பைத் தொட்டியில் தானே போட்டுவிட்டு வந்தார்.

மழை விட்டதும் மோட்டார் சைக்கிளை எடுத்தார். என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டார். அக்கா வீட்டுக் கேட்டுக்குச் சற்றுத் தள்ளி என்னை இறக்கி நிற்க வைத்துவிட்டு, கேட்டுவரை உருட்டிக்கொண்டு போனார். இன்ஜினை நிறுத்தவில்லை. அக்கா கையில் நூலோடு வெளியே வந்தார். அப்பா ஏதோ சொன்னார். அக்கா தலையை ஆட்டினார். இன்ஜின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சரியாகிவிட்டது என்று சொல்லியிருப்பார், நீ சொன்னதுதான் சரி என்றும் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். வீடு திரும்பும்வரை எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு நினைவிருக்கும். உங்களில் பாதிப் பேர் மண்டபத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். மாஸ்டர் பூப்போட்ட சட்டையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் அப்பா, பொருளாளர் அண்ணன். அக்கா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையும் போட்டிருந்தார். கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்து, பையிலிருந்து நீளமான ஓர் அட்டையை எடுத்து எதிரில் சாய்த்து வைத்தார்.

நான் பக்கத்தில் இருந்ததால் எனக்குத் தெரிந்தது. அட்டையில் கீபோர்ட் மாதிரியே கட்டைகள் வரைந்திருந்தன. அளவுகூடச் சரியாக இருந்தது. நடுவில் ஐந்து கட்டைகளுக்கு மட்டும் சிவப்புப் பென்சிலால் அடித்திருந்தது. வீட்டில் வாசிக்க ஒன்றும் இல்லாதவர், வாரம் முழுவதும் அந்த அட்டையின் மேல் விரலை ஓட்டிப் பழகியிருக்கிறார். அந்த ஐந்தைத் தொடாமல் தாண்டி வாசிக்கப் பழகியிருக்கிறார்.

கட்டைகள் சரியானதை அப்பா கேட்டில் சொல்லவே இல்லை, நாளைக்கு வா என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அப்பாவும் அட்டையைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும். அப்பா எழுந்து போய் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அக்கா வாசித்தார். பாட்டை மேல் ஸ்தாயிக்கு ஏற்றி, இடையில் இடது கையால் கீழே தாங்கி, மறுபடி மேலே தாவி. வளர்ந்த பிறகு யோசித்தால், அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று தெரிகிறது. கேட்பவருக்கோ, பாட்டு அடிக்கடி இடம் மாறிக்கொண்டிருந்தது. மாஸ்டர் கையைக் காட்டி நிறுத்தினார். விரல் நல்லாத்தான் இருக்கு, ஏன்மா நடுவுல வராம ஓடி ஓடிப் போற என்று கேட்டார்.

"நடுவுல அஞ்சு கட்டை பேசாது மாஸ்டர்" என்றார் அக்கா.

மாஸ்டர் எழுந்து வந்து, குனிந்து, ஒரு விரலால் அந்த ஐந்தையும் வரிசையாக அழுத்தினார். ஐந்தும் தெளிவாகப் பேசின.

பொருளாளர் அண்ணன் சிரித்துவிட்டார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்றார். ஜன்னல் பக்கம் நாம் எல்லோரும் சிரித்தோம். பழமொழி புரிந்துதான் சிரித்தோமா, பெரியவர் சிரித்ததால் சிரித்தோமா தெரியாது.

அக்கா சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு தானும் அந்தக் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். மெதுவாக, எனக்குச் சொல்லிக்கொடுத்தபடி.

"எப்ப சரியாச்சு அங்கிள்?"

"நேத்து பாத்தேன்" என்றார் அப்பா. "தானா சரியாயிருந்துச்சு."

"நேத்தா? கேட்டுக்கு வந்தீங்களே, அதுக்கு முன்னாடியா?"

அப்பா மாஸ்டரின் பக்கம் திரும்பிக்கொண்டார். பொருளாளர் அண்ணன்தான், அந்தக் கை படாமல் இருந்ததும் தானாகச் சரியாகிவிட்டது பார்த்தீர்களா தலைவரே என்று மெதுவாகச் சொன்னார். அப்பா அதையும் மறுக்கவில்லை.

மாஸ்டர் நல்ல மனிதர். பரவாயில்லை, இப்போது நடுவிலேயே வைத்து முழுசாக வாசி என்றார். அக்கா அட்டையை மடித்துக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தார். அந்த இடம் வந்ததும் விரல்கள் தாமாகவே எழும்பித் தாண்டின. நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார். மறுபடியும் தாண்டின. அந்த விரல்களுக்கு அங்கே ஐந்து கட்டைகள் இல்லை. மூன்றாம் தடவை அவர் ஆரம்பிக்கவே இல்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். கோயிலில் வாசிக்க இது போதும்மா, மேடைக்கு இன்னும் கொஞ்சம் பழகணும் என்று மாஸ்டர் சொன்னார். அப்பா அவருக்குக் குடிக்க மைலோ வரவழைத்தார்.

மாதக் கடைசியில் அக்கா கமுந்திங் போனார். அவருடைய அம்மா சில மாதம் தனியாக இருந்துவிட்டு, சிலிம் ரிவரில் தங்கை வீட்டோடு போய்ச் சேர்ந்துகொண்டார். பிறகு அவர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

அப்பா அதன் பிறகும் பல வருஷம் தலைவராக இருந்தார். அவர் இறந்தபோது, கோயில் காசில் ஒரு சல்லியும் தொடாத மனிதர் என்று பேசினீர்கள். உண்மைதான். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு கைகட்டி நின்றபோது என்னால் நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதற்கான காரணத்தைத்தான் இவ்வளவு நேரம் சொன்னேன்.

மறு வருஷம் ஆயுத பூஜைக்கு அப்பா கீபோர்டைப் பிளாஸ்டிக் உறையோடேயே நடுவில் வைத்தார். உறையின் மேல், கெட்டியாகக் குழைத்த சந்தனத்தில் ஒரே ஒரு பொட்டு. தண்ணீர் தெளிக்கும்போது அந்தப் பக்கம் படாமல் கையைத் திருப்பிக்கொண்டார். ஏன் தலைவரே இந்த வருஷம் உறையோடு என்று பொருளாளர் அண்ணன் கேட்டதற்கு, தூசி படும் என்றார்.

விஜயதசமி காலையில் முதல் பாட்டுக்கு வாசிக்க ஆள் இல்லை. கொஞ்சம் தெரியுமே என்று என்னை உட்கார வைத்தார்கள். எனக்குத் தெரிந்தது அக்கா சொல்லிக்கொடுத்த அந்த ஒரு பாட்டுதான். மெதுவாக வைத்து வாசித்தேன். எல்லாக் கட்டைகளும் பேசின. தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த அப்பா, பாட்டு முடியும்வரை தரையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.